மொழிபெயர்ப்பாளர் தேவை... உடனே!

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஒனெஸ்மஸ் கிதேகா அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

முதல் மணியிலேயே எடுப்பவன் கான்ஸ்டபிள். கொஞ்சம் அலறவிட்டு எடுப்பவர் சார்ஜென்ட். போன் செத்துப்போகும் கடைசி நொடியில் எடுப்பவரே இன்ஸ்பெக்டர்.

இது கிதேகா எழுதிவரும் சுயசரிதையின் முதல் பத்தி. நூலின் பெயர், 'கிதேகா: ஒரு காவல் காவியம்.' ஸ்டேஷன் கம்ப்யூட்டரில், பணி நேரத்தில், அரசாங்க மின்சாரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

கடைசி நொடியில் எடுத்தார்.

"பேசறது யாருன்னு நான் தெரிஞ்சுக்கலாமா?"

மறுமுனையில் ஒரு பெண் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தாள். சோமாலிகள் நிறைந்த ஈஸ்ட்லி பேட்டையில் துணிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் ஹாஜி ஷிரேயின் ஒட்டகப்பால் கிடங்கிலிருந்து பேசினாள். டீக்கடைக்குப் பால் வாங்கப் போனவள். குளிர் அறைக் கதவு திறந்து கிடந்ததாம். உள்ளே பால் கேன்களுக்கு நடுவில் ஹாஜி ஷிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

விறைத்துப்போய்...

மருதாணி பூசிய சிவப்புத் தாடியெல்லாம் பனி பூத்து...

பிணமாக!

"இன்னும் ஒண்ணு இருக்கு ஆபீசர்" என்றாள் அவள். "பிணத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு பையன் உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டிருக்கான். நான் கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்கல."

கிதேகா தொப்பியை அணிந்தார். கண்ணாடியில் பார்த்தார். கழற்றினார். இன்னும் கொஞ்சம் சாய்த்து அணிந்தார்.

"சார்ஜென்ட்... சரித்திரம் கூப்பிடுது."

சார்ஜென்ட் நஃபுலா அதற்குள் ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள்.

கிடங்கில் கூட்டம் கூடியிருந்தது. பையனின் பெயர் லிபான். சோமாலி நாட்டுக் கல்காயோவிலிருந்து சில மாதங்களுக்கு முன்புதான் வந்தவன். குளிர் அறைக் கதவையும் குளிரையும் கம்ப்யூட்டர் மூலம் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை ஹாஜிக்குச் செய்து கொடுத்தவன் அவனே. கதவு அவன் சொன்னால் பூட்டும், அவன் சொன்னால் திறக்கும். குளிரும் அப்படித்தான். முந்தின இரவு யாரோ கதவைப் பூட்டி, குளிரைப் பனிக்கட்டி அளவுக்கு இறக்கியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ! கிதேகாவுக்குச் சந்தேகமே இல்லை.

"கையும் களவுமா" என்றார்.

லிபானுக்கு ஊர் மொழியான சுவாஹிலி தெரியாது. ஆங்கிலம் தெரியாது. சோமாலி ஒன்றுதான். கையில் விலங்கு விழுந்ததும் திரையைக் காட்டிக் காட்டிச் சோமாலியில் கத்தினான். பால் வாங்க வந்த பெண்ணுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதால் கிதேகா அவளை முன்னால் தள்ளினார்.

அவள் லிபானிடம் என்னவோ கேட்டாள். அவன் சொன்னான். அவள் மறுபடி கேட்டாள். அவன் மறுபடி சொன்னான். இது நீண்டுகொண்டே போனது.

"என்ன சொல்றான்?"

"அவன் அப்பா பேரு ஜிமாலே, அவருக்கு அப்பா வெஹெலியே, அவருக்கு அப்பா..."

"கொலையைப் பத்தி என்னம்மா சொல்றான்?"

"அதை இன்னும் கேக்கவே இல்லையே. முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட யாரோட பேரன்னு கேக்காம எப்படி ஆபீசர் பேச்சை ஆரம்பிக்கறது? நாங்க என்ன ஆடு மாடா?"

ஒருவழியாகக் கேட்டாள். லிபான் மூச்சுவிடாமல் பேசினான். அவள் முகம் சுருங்கியது.

"கம்ப்யூட்டர் சமாசாரமா என்னென்னவோ சொல்றான். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ஒண்ணு மட்டும் புரியுது. தான் செய்யலையாம்."

"எல்லாக் கொலைகாரனும் முதல்ல அதைத்தான் சொல்வான்" என்றார் கிதேகா. "சாட்சிப் பொருளைக் கைப்பற்றுங்க... வேணாம், நானே கைப்பற்றறேன்!"

மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரை நோக்கி நடந்தார். பளபளவென்று, அகலமாக, வெளிச்சமாக இருந்தது. வயர்களைப் பிடுங்கினார். மேஜைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி காலில் இடித்தது. அதன்மேல் யாரோ டீ கெட்டிலை வைத்திருந்தார்கள். எட்டி உதைத்தார்.

"அஃபாண்டே" என்று அதிகாரிக்குரிய மரியாதையோடு கூப்பிட்டாள் நஃபுலா. "அந்தக் கீழே இருக்கற பெட்டி..."

"கெட்டில் வைக்கிற பெட்டியெல்லாம் நமக்கு எதுக்கு சார்ஜென்ட்? டெக்னாலஜியை டெக்னாலஜி தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடு."

கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைப்போல இரு கைகளிலும் ஏந்தி, கூட்டத்துக்கு நடுவில் நடந்தார். நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். எடுக்கும்வரை நின்றார்.

நஃபுலா பெருமூச்சு விட்டாள். ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, கெட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது என்றாள்.

ஸ்டேஷனில் கம்ப்யூட்டருக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். பின்பக்க வயரை அங்கே ஏற்கெனவே கிடந்த வயரோடு சேர்த்ததும் விளக்கு எரிந்தது.

"வேலை செய்யுது!" கிதேகா கை தட்டினார்.

நஃபுலா மறுபடி வாயைத் திறந்தாள். கிதேகா விரலை உயர்த்தினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன்னால் லிபானை நிறுத்தியாக வேண்டும். அவன் சொல்வதை யாராவது ஒழுங்காகச் சுவாஹிலியில் சொன்னால் தப்பிப்பான். தப்பாகச் சொன்னாலோ, ஆயுசு முழுக்கக் கம்பி எண்ணுவான். கிதேகாவுக்கும் ஒரு கவலை இருந்தது. போன வழக்கில் அவர் கொண்டுவந்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டு மாஜிஸ்திரேட் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இது வாக்குமூலமா, வாய்க்கு வந்ததா?" என்று கேட்டிருந்தார்.

எனவே கிதேகா ஓர் உத்தரவு தயாரித்தார். இந்த வழக்கில் எந்த நிலையிலும், எந்தக் காரணத்துக்காகவும், கணினி நிபுணத்துவம் இல்லாத சோமாலி-சுவாஹிலி மொழிபெயர்ப்பாளர் அனுமதிக்கப்பட மாட்டார். கையெழுத்துப் போட்டார். தலைமையகத்துக்கு அனுப்பினார். அது அவரைப் பாராட்டி உடனே ஒப்புதல் அளித்தது. ஈஸ்ட்லியின் எல்லாக் கடைவாசலிலும் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

நகரத்தில் சோமாலியும் சுவாஹிலியும் தெரிந்தவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களும் அப்படியே. ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கம்ப்யூட்டர் தெரியும் என்று நினைத்தவர்கள் மட்டும் வந்தார்கள்.

முதலில் வந்தவர் ரோப்லே. போன் உறை விற்பவர்.

"கம்ப்யூட்டர் தெரியுமா?"

"எல்லா அளவுக்கும் உறை வெச்சிருக்கேன்."

ரோப்லே லிபானின் எதிரில் உட்கார்ந்தார். அப்பா பேர், தாத்தா பேர், கொள்ளுத்தாத்தா பேர் என்று ஏறிக்கொண்டே போனார். ஓரிடத்தில் திடீரென்று எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. கொலையை ஒத்துக்கொண்டானா என்று கிதேகா ஆவலாகக் கேட்டார்.

"அதைவிட மோசம். இவன் பாட்டனோட அப்பன்தான் எங்க பாட்டனோட பெண் ஒட்டகத்தை ஓட்டிக்கிட்டுப் போனவன். முதல்ல அந்த ஒட்டகத்துக்கு ஒரு வழி சொல்லச் சொல்லுங்க. அப்புறம் உங்க கொலையைப் பாக்கலாம்."

ரோப்லேயை வெளியே தள்ளினார்கள். வழக்கு ஒட்டகத்துக்கும் சேர்த்துப் பதிவாக வேண்டும் என்று அவர் வாசலில் நின்று கத்தினார்.

அடுத்து வந்தவர் ஹிர்ஸி. முதியவர், கவிஞர். தோளில் சால்வை, கையில் தடி, சட்டைப்பையில் பெரிய போன். தன் கவிதைகளை அதில் பதிந்து ஊருக்கெல்லாம் அனுப்புவார். அதுவே அவருடைய கணினி நிபுணத்துவம். வேறு ஆள் இல்லாததால் கிதேகா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே விட்டார்.

அவருக்கும் தாத்தா பேர் வேண்டியிருந்தது. இருவரும் மூதாதையர் படிகளில் ஏறினார்கள். டீ வந்தது, ஆறியது. ஹிர்ஸி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன பால்?"

"ஒட்டகப்பால்தான். ஹாஜி கிடங்குல வாங்கினது" என்றாள் நஃபுலா.

"ஒட்டகம் இதைப் பார்த்தா அவமானத்துல செத்துடும்" என்று கோப்பையைத் தள்ளிவைத்தார். "கொஞ்ச நாளாவே ஊர் பூரா டீ இப்படித்தான் இருக்கு."

கடைசியில் எங்கேயோ உச்சியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு முப்பாட்டன் அகப்பட்டார். லிபானும் ஹிர்ஸியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கான்ஸ்டபிள் ஒருவரும் காரணம் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு லிபான் பேசினான். ஹிர்ஸி கண்களை மூடிக் கேட்டார். எழுந்தார். தடியைத் தரையில் ஊன்றினார். சுவாஹிலியில், ராகத்தோடு ஆரம்பித்தார்.

"தூரத்தில் இருந்தொருவன்... கதவின் காதோரம்... மூடென்று முணுமுணுத்தான்... பூட்டிக்கொண்டது கதவு! போனவன் போனாலும்... பெட்டியின் வயிற்றுக்குள்... பாதத்தின் தடமிருக்கு... பார்த்தாலே பேர் சொல்லும்!"

கிதேகா பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"கதவுக்குக் காது" என்றார் கிதேகா மெல்ல. "பெட்டிக்கு வயிறு."

"அவன் சொன்னது அதுதான் ஆபீசர். ஒரு சொல் கூட்டல, குறைக்கல. அசை சேரணுமேன்னு அங்கங்க கொஞ்சம் இழுத்தேன்."

"மாஜிஸ்திரேட் அம்மா முன்னாடி நான் இதைப் பாடணுமா?"

"உங்களுக்கு வராது. நானே வந்து பாடறேன்."

ஹிர்ஸியும் வெளியேற்றப்பட்டார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. கவிதையில் இன்னும் நாலு அடி பாக்கி இருப்பதாகச் சொல்லி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மதியம் ஆயிற்று. கிதேகா இடிந்துபோயிருந்தார்.

அப்போதுதான் அவன் வந்தான்!

இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் நீல நாடாவில் தொங்கும் அட்டை. தோளில் லேப்டாப் பை. பெயர் ஷர்மார்கே. மொம்பாசாவில் இருந்து வேலையாக வந்தவன், அறிவிப்பை இப்போதுதான் பார்த்தானாம். மொம்பாசாக்காரர்களின் சுவாஹிலி அவன் நாக்கில் தேனாக ஒழுகியது. கம்ப்யூட்டர் தெரியுமா என்று கிதேகா கேட்டார். சர்வர், நெட்வொர்க், என்கிரிப்ஷன் என்று அவன் ஆரம்பித்தான். கிதேகாவுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. புரியாததாலேயே நம்பிக்கை பிறந்தது.

"இந்த ஆளுக்காகத்தான் சார்ஜென்ட் நான் காத்திருந்தேன்."

லிபானை அழைத்து வந்தார்கள். ஷர்மார்கேயைப் பார்த்த மாத்திரத்தில் அவன் முகம் மலர்ந்தது. பாய்ந்து வந்து விலங்கு மாட்டிய கையோடு அவனைக் கட்டிக்கொண்டான்.

"என்ன இது?" என்றார் கிதேகா.

ஷர்மார்கே பையனின் முதுகைத் தட்டினான். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தரை இப்பத்தான் பாக்கறான் அஃபாண்டே. தாய்மொழி கேட்ட மாதிரி ஆயிடுச்சு."

கிதேகா புல்லரித்துப்போனார். இருவரும் உட்கார்ந்தார்கள். ஷர்மார்கே நேராக விஷயத்துக்கு வந்தான். வளவளப்பு இல்லை. லிபான் கண்கள் மின்ன, கைகளை ஆட்டி, சிரித்தபடியே நீளமாகப் பேசினான். ஷர்மார்கே தலையாட்டிக் கேட்டான். பிறகு கிதேகா பக்கம் திரும்பினான்.

"ஒத்துக்கிட்டான்."

நஃபுலாவின் பேனா நின்றது. "என்ன ஒத்துக்கிட்டான்?"

"நான்தான் கதவைப் பூட்டினேங்கறான். நான்தான் குளிரை இறக்கினேங்கறான். ஹாஜி திட்டினாராம்."

"அவ்வளவு நேரம் பேசினானே. இவ்வளவுதானா?"

"மீதியெல்லாம் டெக்னிக்கல் மேடம்."

"கொலையை ஒத்துக்கிறவன் எதுக்குச் சிரிக்கறான்?"

"மனசுல இருந்த பாரம் இறங்கிடுச்சு" என்றான் ஷர்மார்கே அமைதியாக.

கிதேகா அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை. ஷர்மார்கேதான் கையை உருவிக்கொண்டான். சொன்னதை உறுதிப்படுத்த அந்தக் கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றான். நுணுக்கமான வேலை, தனியாகத்தான் செய்ய வேண்டும், யாராவது மூச்சுவிட்டால்கூடக் கெட்டுப்போகும் என்றான்.

"தாராளமா!" கிதேகா அரக்கு முத்திரையைத் தன் கையாலேயே உடைத்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

லிபான் நஃபுலாவைப் பார்த்துச் சிரித்தான். இனிக் கவலையில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

அந்தச் சிரிப்பு அவளைக் குத்தியது. ஆனால் எங்கே குத்துகிறது என்று பிடிபடவில்லை.

கிதேகா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். வெற்றியைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பெஞ்சில் ஹிர்ஸி மட்டுமே இருந்தார்.

"பாத்தீங்களா பெரியவரே? தொழில்னா இப்படி இருக்கணும். வந்தான், உக்காந்தான், வாக்குமூலம் வாங்கிட்டான். உங்களை மாதிரி அப்பன் யாரு, தாத்தா யாருன்னு ஒரு கேள்வி... ஒரே ஒரு கேள்வி கேட்டானா? கேக்கல."

ஹிர்ஸியின் தடி சறுக்கியது.

"கேக்கலையா?"

"கேக்கவே இல்ல."

"அவன் சோமாலிதானே?"

"சுத்தமான சோமாலி. சோமாலியில தண்ணி மாதிரி பேசறான்."

ஹிர்ஸி தாடியைத் தடவினார். "ஆபீசர், என் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்தப்போ ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு சோமாலி. என் கொள்ளுத்தாத்தா பேரைக் கேட்டுட்டுத்தான் வண்டியை எடுத்தான். ஜெயில்ல, நடுக்கடல்ல, எங்க பாத்தாலும் புது ஆளுன்னா முதல்ல அதான். அதைக் கேக்காத சோமாலி ஒரே ஒருத்தன்தான்."

"யாரு?"

"பதில் ஏற்கெனவே தெரிஞ்சவன்."

வாசலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த நஃபுலாவுக்குக் குத்திய இடம் தெரிந்தது.

அவள் ஓடினாள்! அறைக் கதவைத் தள்ளினாள்.

ஷர்மார்கே லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தான். கையில் ஒரு சின்ன பென் டிரைவ். சட்டென்று சட்டைப்பைக்குள் போயிற்று.

"மன்னிக்கணும் மேடம். எல்லாமே அழிஞ்சு கிடக்கு. கில்லாடிப் பையன். யாராவது திறந்தா தானே அழியற மாதிரி முன்னாடியே வெச்சிருக்கான். பரவாயில்ல, அதான் வாக்குமூலம் இருக்கே. எனக்கு மொம்பாசா ரயிலுக்கு நேரமாச்சு."

"உக்காருங்க" என்றாள் நஃபுலா. "டீ சொல்லியிருக்கேன். எங்க டீயைக் குடிக்காம போனா எனக்கு வருத்தமா இருக்கும்."

அவள் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். சாதாரணமாகச் சாய்ந்ததுபோலத்தான் இருந்தது. இடுப்பில் கை மட்டும் துப்பாக்கிப் பக்கமாக இருந்தது.

லிபானும் வந்தான். ஹிர்ஸியும் வந்தார். கடைசியாகக் கிதேகாவும் வந்து, தன் ஸ்டேஷனில் தன்னைக் கேட்காமல் என்ன நடக்கிறது என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

நஃபுலா ஷர்மார்கேயைக் காட்டினாள். "பெரியவரே, இவரு புது ஆளு. உங்க வழக்கப்படி ஆரம்பிங்க."

ஹிர்ஸி ஆரம்பித்தார். யாருடைய மகன், யாருடைய பேரன் என்று சோமாலியில் கேட்டார்.

ஷர்மார்கே கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரத்தை வீணாக்கறீங்க" என்றான் சுவாஹிலியில்.

அவன் தயங்குவதைப் பார்த்து லிபானுக்குத் தாங்கவில்லை. பெரியவர் கேட்கிறார், இவன் கூச்சப்படுகிறானே! உதவிக்கு வந்தான். பெருமையோடு, விரல்விட்டு, தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று ஷர்மார்கேயின் வம்சத்தை ஒப்பித்தான். முடிவில் தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னான்.

எல்லோரும் ஹிர்ஸியைப் பார்த்தார்கள்.

ஹிர்ஸி வாழ்க்கையில் முதல்முறையாக உரைநடையில் மொழிபெயர்த்தார்.

"ஷர்மார்கே என் தாய்மாமன் மகன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். ஹாஜியோட மொம்பாசா கிளை மேனேஜர். எனக்காக அவ்வளவு தூரத்திலிருந்து ஓடி வந்திருக்கார். அப்படிங்கறான்."

கிதேகா ஷர்மார்கே பக்கம் திரும்பினார். "நீ... இவனை முன்னப்பின்ன பாத்ததே இல்லாத மாதிரி உக்காந்திருந்தியே?"

"கேட்டீங்களா? கேக்கலையே" என்றான் ஷர்மார்கே. குரல் இப்போதும் தேன்தான். "உறவுக்காரன்னா உள்ள விடமாட்டீங்க. பையனுக்கு உதவலாம்னு வந்தேன். அவன் குற்றத்தை ஒத்துக்கிட்டா நான் என்ன பண்றது? மாமன் மகன்ங்கறது குற்றமா? ஆதாரம் எங்க?"

ஆதாரம் அழிந்துவிட்டது. கிதேகா அந்தப் பளபளப்பைப் பார்த்தார். வெறும் கறுப்பாக இருந்தது. அவர் கண்ணும் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஆதாரம் வருது" என்றாள் நஃபுலா.

கதவு தட்டப்பட்டது. கிடங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள், நஃபுலா போனில் வரச்சொன்னபடி, கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டியின் தலையில் டீ கெட்டிலின் வட்டக் கறை.

ஷர்மார்கேயின் முகம் வெளுத்தது!

"என்ன பெட்டி அது?" என்றார் கிதேகா.

"கம்ப்யூட்டர், அஃபாண்டே."

"அப்ப நான் கைப்பற்றினது?"

"திரை. டிவி மாதிரி. வெறும் முகம்தான் அது. மூளை இந்தக் கெட்டில் பெட்டிக்குள்ள இருக்கு. ரெண்டு தடவை சொல்ல வந்தேன். டெக்னாலஜி தெரிஞ்சவங்ககிட்ட விடச் சொன்னீங்க. விட்டுட்டேன்."

கிதேகா மெல்லத் திரும்பினார். "அப்ப அந்தத் திரையோட நம்ம ஸ்டேஷன் வயரைச் சேர்த்தோமே. அந்த வயர் எதுக்குள்ள போகுது?"

"மேஜைக்கு அடியில நம்ம பெட்டிக்குள்ள. இந்த ஐயா பென் டிரைவைச் சொருகி, கண்ணை மூடிக்கிட்டு அழிச்சது அதைத்தான். அவசரத்துல யாரோட பெட்டின்னுகூடப் பாக்கல."

"நம்ம பெட்டியில... என் காவியம்..."

"அதுவும் போச்சு அஃபாண்டே."

கிதேகா நாற்காலியைத் தேடினார். அகப்படவில்லை. தரையிலேயே உட்கார்ந்தார்.

"குற்றமே செய்யாத ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தமா துடைக்கறவன், எதை மறைக்கப் பாத்தான்?" என்று நஃபுலா ஷர்மார்கேயைக் கேட்டாள்.

விலங்கை அவிழ்த்ததும் லிபான் கறுப்புப் பெட்டியைத் தொலைந்த ஆட்டுக்குட்டியைப்போலத் தடவிக்கொடுத்தான். வயர்களைச் சேர்த்தான். தட்டினான். திரையில் வரிகள் ஓடின. ஓரிடத்தில் நிறுத்தினான். ஹிர்ஸி அவன் சொல்வதைச் சொன்னார். இரவில் கதவைப் பூட்டச் சொன்ன கட்டளை வெளியிலிருந்து, ஒரு போனிலிருந்து வந்திருக்கிறது. இதோ அந்தப் போனின் நம்பர். காலையில் குளிர் அறையைத் திறந்து பிணத்தைக் கண்ட லிபான் இதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கையில் விலங்கு விழுந்தது. காலையிலிருந்து இதைப் பார்க்கச் சொல்லித்தான் கத்திக்கொண்டிருக்கிறான்.

"பெட்டியின் வயிற்றில் பாதத்தின் தடம்" என்று முடித்தார் ஹிர்ஸி. "நான் அப்பவே பாடினேன்."

நஃபுலா தன் போனை எடுத்தாள். அந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

ஒரு நொடி...

இன்னொரு நொடி...

ஷர்மார்கேயின் கால்சட்டைப்பையில் போன் அலறியது!

முதல் மணியிலேயே லிபானுக்குப் புரிந்துவிட்டது. பாஸ்வேர்டை அவன் ஒரே ஒருவருக்குத்தான் கொடுத்திருந்தான். தாய்மாமன் மகன் கேட்டால் எப்படிக் கொடுக்காமல் இருப்பது? அவன் கத்தவில்லை. அடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஹிர்ஸி சால்வையை எடுத்து அவன் தோளில் போர்த்தினார்.

ஷர்மார்கே பிறகு எல்லாவற்றையும் சொன்னான், தானே மொழிபெயர்த்து. மொம்பாசா துறைமுகத்தில் மலிவாக இறங்கும் மாட்டுப்பால் பவுடரைக் கரைத்து ஒட்டகப்பாலில் கலந்திருக்கிறான். கம்ப்யூட்டர் கணக்கில் எல்லாம் சரியாக இருப்பதுபோல வெளியிலிருந்தே மாற்றியிருக்கிறான். ஹாஜி ஷிரே ஒரு வாய் டீயிலேயே கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் பள்ளிவாசலில் ஊரைக் கூட்டிச் சொல்வதாக அவனுக்குப் போன் செய்தார். அன்று இரவு, அதே போனில் அவனிடம் சொல்லிவிட்டு, அவர் குளிர் அறைக்குள் பாலைச் சுவைத்துப் பார்க்கப் போனபோது கதவு பூட்டிக்கொண்டது.

விஷயம் வெளியே பரவியது. ஸ்டேஷன் வாசலில் கூட்டம் சேர்ந்தது. போன் உறை ரோப்லேதான் முன்வரிசையில்.

"கொலை பண்ணினது கோர்ட்டு பாடு" என்று அவர் கையை உயர்த்தினார். "மாட்டுப்பாலா? எங்க டீயிலயா? அவனை எங்ககிட்ட விடுங்க."

கூட்டத்தை அடக்க இரண்டு ஜீப் போலீஸ் வரவேண்டியிருந்தது. பின்னாலேயே நிருபர்களும் வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் கிதேகா தரையிலிருந்து எழுந்தார். தொப்பியைச் சாய்த்தார். உண்மையான கம்ப்யூட்டரை வேண்டுமென்றே கிடங்கில் விட்டுவிட்டு, வெறும் திரையைக் காட்டித் தான் வைத்த பொறி இது என்று விளக்கினார். சொந்தக் காவியத்தையே இரையாக வைத்த தியாகம் என்றும் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

நிருபர்கள் போனதும் உள்ளே வந்தார்.

"சார்ஜென்ட், பையனை விட்டுடு."

"விட முடியாது அஃபாண்டே."

"ஏன்?"

"விடுதலைப் பத்திரத்தை அவனுக்குப் புரியற பாஷையில படிச்சுச் சொல்லிக் கையெழுத்து வாங்கணும்."

"அந்தக் கிழவரைப் படிக்கச் சொல்லு."

"சொல்லிட்டேன். ராகம்கூட ரெடி. ஆனா உங்க உத்தரவு இருக்கே. எந்த நிலையிலும், எந்தக் காரணத்துக்காகவும், கணினி நிபுணத்துவம் இல்லாதவர் கூடாது. தலைமையகம் ஒப்புதல் குடுத்தாச்சு. நீங்களே நினைச்சாலும் மாத்த முடியாது."

கிதேகா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சோமாலி தெரிய வேண்டும். சுவாஹிலி தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் தெரிய வேண்டும். காலையிலிருந்து இந்த ஸ்டேஷனுக்குள் வந்தவர்களில் அப்படிப்பட்டவன் ஒரே ஒருவன்தான். அவன் இப்போது லாக்கப்பில், லிபான் காலையில் உட்கார்ந்திருந்த அதே மூலையில் உட்கார்ந்திருந்தான்.

வேறு வழி தெரியவில்லை.

"சரி" என்றார் ஈனக்குரலில். "அவனையே கூட்டிட்டு வா."

நஃபுலா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"கூட்டிட்டு வரேன் அஃபாண்டே. ஆனா இந்தத் தடவை, முதல்ல தாத்தா பேரைக் கேக்கச் சொல்லுங்க!"